வரலாற்று ஆசிரியருக்கு வடசென்னையே பயிற்சிக்கூடம்

முதல் ஆங்கிலேய மைசூர்ப் போர் 1769-இல் மதராஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி, தேர்வில் ஒரு மதிப்பெண். பழைய வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ இந்த வரியை நடத்துகிற ஆசிரியர் அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆனால் அந்தப் போர் கிளப்பிய பயத்தில் எழுந்த மதில் ஒன்றின் மிச்சம், நடந்து போகிற தூரத்தில், பழைய ஜெயில் ரோட்டில் இன்னும் நிற்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது மாடிப் பூங்கா, சாயங்காலம் காற்று வாங்கப் போகிற இடம். ஹைதர் அலியின் குதிரைப் படைக்கும் அந்தப் பூங்காவுக்கும் தொடர்பு உண்டு என்பது பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியாது. ஆசிரியர்களிலும் பலருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்களை யாரும் அங்கே கூட்டிப்போய்க் காட்டியதில்லை.

வரலாற்று ஆசிரியர்களை உள்ளூரில் இருக்கும் பழைய இடங்களுக்கு அழைத்துப் போய், அந்த இடங்களைப் பற்றிய மூல ஆவணங்களைக் கையில் கொடுத்துப் பயிற்சி தருவது ஒரு முறை. இதைப் பற்றி முதல்முறை கேள்விப்படுகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு சான்றை எதிரே வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிய அனுபவம் ஆசிரியருக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால், எவ்வளவு நல்ல பாடநூலைக் கொடுத்தாலும் வகுப்பில் வரலாறு மனப்பாடமாகத்தான் இறங்கும்.

முதன்மைச் சான்று எது?

ஒரு நிகழ்வு நடந்த காலத்திலேயே, அதோடு தொடர்பு உள்ளவர்கள் விட்டுப்போன எழுத்து, பொருள், படம், கட்டடம் எல்லாம் முதன்மைச் சான்றுகள். கல்வெட்டு, காசு, கடிதம், கணக்கேடு, தீர்ப்பு நகல், நாளிதழ், வரைபடம் ஆகியவை இதில் அடங்கும். பின்னால் வந்தவர்கள் இவற்றைப் படித்து எழுதிய நூல்கள் இரண்டாம் நிலைச் சான்றுகள். பாடப்புத்தகம் அதற்கும் ஒரு படி தள்ளி நிற்கிறது, பல இரண்டாம் நிலை நூல்களைப் பிழிந்து எடுத்த சாறு அது.

விளக்கம் இவ்வளவு எளிதாக இருந்தாலும் கையில் எடுத்ததும் சிக்கல் ஆரம்பிக்கும். உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசியதை அது சொல்கிறது. துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் அன்று எரிந்தன. இந்தக் கல் முதன்மைச் சான்றா? ‘அன்று இரவு என்ன நடந்தது?’ என்று கேட்டால் இது பெரிய சாட்சி இல்லை, அந்த வாரத்து நாளிதழ்தான் சாட்சி. ‘அந்த இரவைச் சென்னை எப்படி நினைவில் வைக்க விரும்பியது?’ என்று கேட்டால் இதே கல் முதல்தரமான சான்று. ஆக, எது முதன்மை என்பதை நாம் கேட்கிற கேள்விதான் முடிவு செய்கிறது. பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே ஆசிரியர்கள் இதைத் தாங்களாகக் கண்டுபிடிக்கும்படி விட்டுவிட வேண்டும். வரையறையைப் பலகையில் எழுதிப்போட்டால் அதையும் மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவோம்.

இன்னொரு உதாரணம், என் மனதுக்கு மிகப் பிடித்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, உயர்ந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையைப் பிடித்தபோது அவர் புதுச்சேரியில் இருந்தார். செய்தி வரவர எழுதினார். அந்தக் காலத்தில் வாழ்ந்தவர், உள்விவரம் அறிந்தவர், ஆனால் கோட்டை விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. சரி, இப்போது தேதிக்கு வருவோம். ஆங்கிலேயர் கணக்கில் கோட்டை விழுந்தது 1746 செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. ஆசிரியர்களிடம் இரண்டு தேதிகளையும் கொடுத்தால், யாரோ ஒருவர் தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் முதலில் சொல்வார்கள். இரண்டும் சரி. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, பிரான்ஸ் கிரிகோரியனுக்கு மாறியிருந்தது. வித்தியாசம் 11 நாள். இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது. ஒரு தேதிக்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த ஆசிரியர், அதற்கப்புறம் எந்தத் தேதியையும் வெறும் எண்ணாக நடத்த மாட்டார்.

முதலில் ஆசிரியர், அப்புறம் மாணவர்

‘பிள்ளைகளையே நேராகக் கூட்டிப்போனால் என்ன?’ என்று கேட்பார்கள். கூட்டிப்போகலாம். ஆனால் ஆசிரியர் அந்த இடத்தில் தானே வேலை செய்து பார்க்காமல் போனால், அது சுற்றுலாவாகத்தான் முடியும். வரிசையில் நடப்பார்கள், ஒருவர் ஒலிபெருக்கியில் விவரம் சொல்வார், குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

நம் பணியிடைப் பயிற்சிகள் பெரும்பாலும் வட்டார வள மையக் கூடத்துக்குள்ளேயே நடக்கின்றன. புரொஜெக்டர் இருக்கும், கருத்தாளர் பேசுவார், குழுவாக உட்கார்ந்து சார்ட்டில் எழுதுவார்கள், கடைசியில் பின்னூட்டப் படிவம் வரும். கருத்தாளர்களும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தான், கிடைத்த நேரத்தில் உழைக்கிறார்கள். ஆனால் அந்தக் கூடத்துக்குள் கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேச முடிகிற அளவுக்கு வரலாற்றைச் செய்து பார்க்க முடிவதில்லை. சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களில் புவியியல் படித்துவிட்டு வந்து வரலாறும் நடத்துகிறவர்கள் உண்டு. வரலாறே படித்தவர்களிலும், ஒரு மூல ஆவணத்தைத் தொடாமலே முதுகலை முடித்தவர்கள் நிறைய.

இந்த யோசனை நாம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் 2001-இல் அரசு நிதியோடு ஒரு திட்டம் தொடங்கி, பள்ளி வரலாற்று ஆசிரியர்களைப் பல்கலைக்கழகங்களோடும் அருங்காட்சியகங்களோடும் இணைத்தார்கள். வரலாற்றுச் சின்னம் இருக்கும் ஊருக்கே ஆசிரியர்களை வரவழைத்து ஒரு வாரம் போல் பயிற்சி தரும் பட்டறைகளும் அங்கே உண்டு. அதற்கெல்லாம் முன்னால், 1991-இல், சாம் வைன்பர்க் என்ற கல்வி ஆய்வாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரே நிகழ்வைப் பற்றிய சில ஆவணங்களை வரலாற்று அறிஞர்களிடமும், நன்றாகப் படிக்கிற பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அறிஞர்கள் முதலில் ஆவணத்தை எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று பார்த்தார்கள். ஒரு ஆவணத்தை இன்னொன்றோடு உரசினார்கள். மாணவர்கள் மேலிருந்து கீழே நேராகப் படித்தார்கள், பாடப்புத்தகப் பகுதியைத்தான் அதிகம் நம்பினார்கள். மாணவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆவணத்திடம் கேள்வி கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள் சிக்கலானவை இல்லை. இதை யார் உண்டாக்கினார், யாருக்காக? எப்போது, எந்த நெருக்கடியில்? வேறு சான்று இதோடு ஒத்துப்போகிறதா, முட்டுகிறதா? இதில் பேசாமல் விடப்பட்டவர்கள் யார்? பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி ஒருவர் வந்து சொன்னால், நாம் இயல்பாகவே இவற்றைத்தானே கேட்போம்!

மதிலில் ஒரு காலை

பயிற்சி எப்படி நடக்கும் என்பதற்கு மாடிப் பூங்காவையே எடுத்துக்கொள்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். போனதும் எதையும் விளக்கக் கூடாது. இதுதான் கருத்தாளருக்குக் கஷ்டமான பகுதி, தெரிந்ததைச் சொல்ல வாய் துடிக்கும். ஆசிரியர்கள் முதலில் வெறுமனே பார்க்கட்டும். மதிலின் அகலத்தைக் காலடியால் அளக்கட்டும். செங்கல், சுண்ணாம்புச் சாந்து, பிற்காலத்துச் சிமெண்டுப் பூச்சு எது எது என்று பிரித்துக் குறிக்கட்டும். ஒரு தெருவை அடைத்து வேலி போட இவ்வளவு அகலம் எதற்கு என்ற கேள்வி தானாக வரும். பீரங்கியும் ஆளும் மேலே ஏறி நிற்கிற அகலம் இது.

அப்புறம் வரைபடங்கள். 1755-இல் கொன்ராடி வரைந்த சென்னை வரைபடத்தின் நகல் ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த வேறொன்று. முதலாவதில் முத்தியால்பேட்டையையும் பெத்தநாயக்கன்பேட்டையையும் சுற்றி இந்த மதில் இல்லை. இரண்டாவதில் இருக்கிறது. இடையில் என்னவோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று ஆசிரியர்கள் யோசிக்கிற அந்த இடத்தில்தான் 1769-ஐக் கொண்டுவர வேண்டும். ஹைதர் அலியின் படை சென்னையின் வாசல் வரை வந்து, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தன் நிபந்தனைக்கு இறங்கச் செய்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, கருப்பர் நகரம் என்று ஆங்கிலேயர் அழைத்த பகுதிக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். கிழக்கே கடல், தெற்கே கோட்டை. ஆகவே இரண்டு பக்கம் போதும். ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. கம்பெனி வேலைக்கு வந்து, ஒப்பந்தக்காரராகி, பின்னால் ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர். அவர் செய்த காரியங்கள் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் வாயால் கிழிபட்டன. மதில் கட்டிய செலவை உள்ளே குடியிருந்தவர்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள், வரி வசூலாகவில்லை. மேற்கு மதில் ஓரமாகப் போன பாதை மட்டும் இன்றைக்கும் வால்டாக்ஸ் ரோடு. மதிலில் இருந்த வாயில்களில் ஒன்று யானைக்கவுனி. தினமும் பஸ்ஸில் கேட்கிற பெயர்கள்தான் இவை.

இதுவரை வந்தது தகவல். இதற்கு மேல்தான் பயிற்சி. ஆசிரியர்களிடம் வரைபடத்தில் தங்கள் பள்ளி எங்கே வரும் என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பள்ளிகள் எல்லாமே மதிலுக்கு வெளியே விழும். கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள், கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகில் சரக்கும் ஆளும் ஏற்றி இறக்கியவர்கள் வாழ்ந்த பக்கம் அது. மதில் யாரைக் காத்தது, யாரை வெளியே விட்டது? வியாபாரிகளின் வீடும் கிடங்கும் உள்ளே, உழைத்தவர்கள் வெளியே என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடலாமா, அல்லது உள்ளேயும் கூலிக்காரர்கள் இருந்தார்களா? இதற்கு எந்த ஆவணத்தைத் தேடிப் போக வேண்டும்? இப்படி ஒரு கேள்வி எழுந்துவிட்டால், அந்தக் காலை வீண் போகவில்லை.

அன்றைக்கே பாரிமுனைக்கும் போகலாம். டேர் ஹவுஸ் அருகே 1773 என்று பொறித்த ஒரு எல்லைக்கல் இருக்கிறது. கோட்டைக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவே யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பீரங்கி குறிபார்க்க வெட்டவெளி வேண்டியிருந்தது. அந்த வெட்டவெளி எப்படி வந்தது என்று கேட்டால், இந்த மதிலுக்கு முன்பே கோட்டையை ஒட்டி இருந்த பழைய கருப்பர் நகரத்தை முதலில் பிரெஞ்சுக்காரரும் பிறகு ஆங்கிலேயரும் இடித்துத் தள்ளியதுதான் பதில். இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில் வீடுகளும் தெருக்களும் ஒரு பெருமாள் கோயிலும் இருந்தன. அந்தக் கோயில் பிறகு பூக்கடைப் பக்கம் புதிதாக எழுந்தது, பட்டணம் கோயில் என்று நாம் சொல்கிற கோயில்களில் அது ஒன்று.

திருவொற்றியூரில் கல்லைப் படிப்பது

காலனி ஆட்சிக் காலத்தோடு வடசென்னை ஆரம்பித்தது என்று ஒரு நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அதை உடைக்க ஆதிபுரீசுவரர் கோயிலுக்குப் போக வேண்டும், தியாகராஜர் கோயில் என்று ஊரில் சொல்வார்கள். பல்லவர் காலம் தொட்டு, சோழர், ராஷ்டிரகூடர் என்று பல ஆட்சிகளின் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. கருவறையின் பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் அந்த விமானத்தைக் கல்லால் கட்டிய ரவி என்கிற வீரசோழத் தச்சனின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. அரசன் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும், தச்சன் பெயர் கல்லில்தான் கிடைக்கும்.

இங்கே ஆசிரியர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். வென்றது ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ என்று கல்வெட்டுகள் அவனைச் சொல்கின்றன. ராஜாதித்தனுக்கு வேண்டிய படைத்தலைவன் ஒருவன், கேரளத்தைச் சேர்ந்த வல்லபன், தன் இளவரசனோடு போர்க்களத்தில் சாக முடியவில்லையே என்று மனம் ஒடிந்து, துறவு பூண்டு, திருவொற்றியூர் மடத்துக்கு வந்து சதுரானன பண்டிதர் ஆனான். இதைச் சொல்கிற கல்வெட்டு இந்தக் கோயிலில் இருக்கிறது. அது எந்த அரசன் காலத்தது தெரியுமா? ராஜாதித்தனை வென்ற அதே கிருஷ்ணன் காலத்தது. தோற்றவன் தளபதியின் துக்கத்தை, வென்றவனின் ஆட்சியாண்டைப் போட்டுப் பொறித்திருக்கிறார்கள். அரசர்கள் மாறினாலும் மடமும் கோயிலும் எப்படி நிலைத்தன, புதிய ஆட்சியோடு எப்படி ஒத்துப்போயின என்று ஒரு முழு வகுப்பு நடத்த இந்த ஒரு கல் போதும்.

நடைமுறையில் சில விஷயங்கள். கல்வெட்டு எழுத்தை ஆசிரியர்கள் சரளமாகப் படிக்கத் தேவையில்லை. இந்தியத் தொல்லியல் துறை அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ எங்கே, ஆட்சியாண்டு எங்கே என்று தேடினால் போதும். க, ட, ப, ம போன்ற எழுத்துகள் கொஞ்சம் பழகியதும் பிடிபட்டுவிடும். ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்பு, மாவு, எண்ணெய், சாக்பீஸ் எதையும் எழுத்தில் தேய்க்கவே கூடாது. ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மைப்படி எடுப்பது தொல்லியல் துறையினர் வேலை, பயிற்சியில் எடுத்த படியைக் காட்டினால் போதும். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்து எத்தனையோ கோயில்களில் எழுத்து மழுங்கிப்போனதை ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த முறை தங்கள் ஊர்க் கோயிலில் அப்படி ஒன்று தொடங்கும்போது குரல் கொடுக்க ஆள் வேண்டும்.

புளியந்தோப்பு 1921

மதிலும் கோயிலும் சுலபமானவை. வரலாற்று ஆசிரியரின் உண்மையான சோதனை, நேற்று நடந்ததைப் போல இன்னும் ஆறாமல் இருக்கும் சம்பவங்களில்தான்.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது அதுதான். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயற்சி எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவர் ஆனார், திரு.வி.க. கூட நின்றார். பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாட்டிக் மில், நம் வாய்ப்பேச்சில் பின்னி மில், அதன் களம். 1921-இல் பெரிய வேலைநிறுத்தம் வந்தது, மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதில் சேரவில்லை. அதுவே தொழிலாளர்களுக்குள் சாதி மோதலாக வெடித்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிர்கள் போயின.

இதற்குச் சான்றுகள் ஏராளம், ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. போலீஸ் அறிக்கையில் சட்டம் ஒழுங்கு. மில் நிர்வாகத்தின் கடிதங்களில் உற்பத்தி இழப்பு. அன்றைய நாளிதழ்களில் தேசியச் சார்பு ஒரு பக்கம், ஐரோப்பியர் சார்பு மறுபக்கம். சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா ஆதிதிராவிடர் தரப்பைப் பேசினார். நீதிக்கட்சித் தலைமையோடு அவருக்கு ஏற்பட்ட உரசலில் இந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு, 1923-இல் அவர் கட்சியை விட்டு விலகினார். திரு.வி.க.வின் எழுத்தை இரண்டு இடத்தில் பார்க்கலாம்: அப்போது அவர் நடத்திய நவசக்தியிலும், 1944-இல் வெளிவந்த தன்வரலாற்றிலும். ஒரே மனிதர், ஆனால் நடுவில் இருபது வருடத்துக்கு மேல். சூடு ஆறாதபோது எழுதியதையும், வாழ்ந்து பார்த்தபின் திரும்பிப் பார்த்து எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கொடுத்தால், ‘நினைவு’ என்பது எப்படிப்பட்ட சான்று என்று ஆசிரியர்களுக்குப் புரிந்துவிடும்.

எரிந்த குடிசையில் இருந்த ஒரு பெண் என்ன சொல்லியிருப்பாள்? அவள் எழுதிய தாள் எதுவும் இல்லை. அவளைப் பற்றி மற்றவர்கள் எழுதியதில்தான் அவளைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பாமல், வெற்றிடம் என்றே வகுப்பில் சொல்ல ஆசிரியருக்குத் தைரியம் வேண்டும்.

இங்கே நான் கறாராக இருப்பேன். இந்தப் பாடத்தை நடத்தும் வகுப்பில் இரண்டு தரப்பின் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கலாம். ‘ஒற்றுமை குலைந்ததால் போராட்டம் தோற்றது’ என்று ஒரே வரியில் முடிப்பது ஒரு தரப்பின் மேல் பழியைத் தூக்கிப் போடுவதாகும். ஏன் சேரவில்லை, சங்கம் அவர்களை எப்படி நடத்தியது, கூலி நின்றால் அவர்கள் வீட்டில் என்ன ஆகும் என்ற கேள்விகளைச் சான்றுகளிடம் கேட்ட பிறகுதான் பேச வேண்டும். பயிற்சியில் இதற்கு ஒரு நாள் முழுதாக வேண்டும். யார் கண் கலங்கினாலும், யார் கோபப்பட்டாலும், அடுத்த அமர்வுக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்பக் கூடாது.

மில் 1996-இல் மூடப்பட்டது. வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஓட்டேரி, பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் இருக்கிறார்கள். சங்கு சத்தம், ஷிப்டு, கூலி நாள், கேன்டீன் பற்றியெல்லாம் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வதும் சான்று சேகரிப்புதான். சம்மதம் கேட்டு, பெயர் போடலாமா என்று கேட்டு, குறுக்கே பேசாமல் கேட்கப் பழகுவது பயிற்சியின் ஒரு பகுதி.

இன்னும் சில இடங்கள்

ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் அங்கிருந்து வாலாஜா பக்கம் போனது. ‘முதல்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், முதல் நிலையம் ஏன் ராயபுரத்தில், கடலோரமாக, கருப்பர் நகரத்தின் வடக்கு ஓரத்தில் வந்தது என்று கேட்க வேண்டும். அப்படியே செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றி வர 1837-இலேயே தண்டவாளம் போட்டிருந்தார்கள் என்பதையும் எடுத்துப் போட்டால், ‘முதல்’ என்பதையே மறுபடி யோசிக்க வேண்டி வரும்.

ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். ஹைதர் அலியோடு நடந்த இரண்டாம் போர் கொண்டுவந்த பஞ்சத்தில், 1782-இல், அங்கே கஞ்சி ஊற்றிய சத்திரம் இருந்தது. அரண்மனைக்காரத் தெரு என்று நம் வாயில் மாறிப்போன ஆர்மீனியன் தெருவின் ஆர்மீனியத் தேவாலயத்தில் ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழை 1794-இல் சென்னையில் அச்சிட்டவர் அவர். ராயபுரத்தில் படகோட்டிகள் தங்கள் உழைப்புப் பணத்தில் எழுப்பிய புனித பேதுரு ஆலயமும், பார்சிகளின் 1910-ஆம் ஆண்டு அக்கினிக் கோயிலும் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரம்தான். அக்கினிக் கோயிலுக்குள் மற்றவர்கள் போக முடியாது, தெருவில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

தாள்களுக்கு எங்கே போவது?

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-ஆம் ஆண்டுக் கட்டடம். கம்பெனிக் காலத்து ஆலோசனைக் குறிப்புகள் தொடங்கி, வருவாய்த் துறை, நீதித் துறை ஆவணங்கள் வரை அங்கே இருக்கின்றன. பயிற்சி நிறுவனம் வழியாகக் கடிதம் கொடுத்து முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுவது நல்லது. கோட்டைக் குறிப்புகளில் நிறைய அச்சாகியும் இணையத்திலும் வந்துவிட்டதால், முதல்முறை அதிலிருந்தே தொடங்கலாம். அந்தக் கால ஆங்கில எழுத்தில் ‘எஸ்’ பல இடங்களில் ‘எஃப்’ போலத் தெரியும், இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பழைய தமிழ் நாளிதழ், துண்டுப் பிரசுரங்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

ஒரு ஆவணத்தை வகுப்புக்குக் கொண்டுபோகும்போது பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. ஆசிரியரே அதைத் தமிழில் எழுத வேண்டும், கடினச் சொல்லுக்கு ஓரத்தில் பொருள் தர வேண்டும், மூலத்தின் படமும் பக்கத்தில் இருக்க வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு சான்று, இரண்டு கேள்வி போதும். களப்பயணம் போக முடியாத பள்ளிக்கு ஒரு வரைபட நகலும் நான்கு படங்களும் அனுப்பினாலே நல்ல பாடம் நடக்கும். பயிற்சி முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் குறுவள மையக் கூட்டத்தில் அதே ஆசிரியர்கள் மறுபடி கூட வேண்டும், மாணவர்கள் எழுதிய விடைத்தாள்களோடு. பயிற்சி பலித்ததா என்பதைப் பின்னூட்டப் படிவத்தைவிட அந்தத் தாள்கள்தான் சொல்லும்.

தேர்விலும் ஒரு இடம் கொடுத்துப் பாருங்கள். பள்ளி அளவில் நடத்தும் வகுப்புத் தேர்வில் ஆசிரியருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ‘எம்டன் குண்டு வீசிய ஆண்டு எது?’ என்பதற்குப் பதிலாக, மறுநாள் நாளிதழின் நான்கு வரியையும் உயர் நீதிமன்ற மதில் கல்லின் வாசகத்தையும் கொடுத்து, ‘இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது எது? ஒன்றில் மட்டும் இருப்பது எது? அது ஏன் மற்றதில் இல்லை?’ என்று கேட்கலாம். மூன்றாவது கேள்விக்கு இரண்டு மதிப்பெண் தனியாக வையுங்கள். காரணம் சொல்லியிருந்தால், விடை நீங்கள் எதிர்பார்த்ததாக இல்லாவிட்டாலும் கொடுத்துவிடுங்கள்.